பன்னிரண்டு சதவீதக் கடை: எபிக் கேம்ஸ் ஸ்டோரின் ஆறு ஆண்டுகள்

2019 பிப்ரவரி 15 அன்று ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ என்ற கேம் வெளியானது. கம்ப்யூட்டருக்கான டிஸ்க் பெட்டியை வாங்கியவர்களில் சிலர் அட்டையை உற்றுப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். கம்ப்யூட்டர் கேம்களை இன்டர்நெட்டில் விற்கும் பெரிய கடையான ஸ்டீமின் முத்திரை அச்சாகியிருந்த இடத்தில், அதை மறைத்து, அதன் போட்டிக் கடையான எபிக் கேம்ஸின் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. அட்டையெல்லாம் அச்சாகி முடிந்த பிறகு கடை மாறிவிட்டது. வெளியீட்டுக்கு மூன்றே வாரம் முன்பு, ஜனவரி 28-ல்தான், இந்த கேம் ஓராண்டுக்கு எபிக்கில் மட்டுமே கிடைக்கும் என்று பப்ளிஷர் டீப் சில்வர் அறிவித்திருந்தது. அதுவரை ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் கேம் கடைகளின் போட்டியைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த ஸ்டிக்கர்தான் நினைவுக்கு வரும். 2018 டிசம்பரிலிருந்து 2024 முடிய எபிக் நடத்திய கடையை இங்கே ஆராய்கிறேன். அவர்களிடம் பணம் இருந்தது, ‘ஃபோர்ட்நைட்’ என்ற புகழ்பெற்ற சொந்த கேம் இருந்தது, டெவலப்பருக்கு நியாயமான பங்கு தரவேண்டும் என்ற வலுவான வாதமும் இருந்தது. இத்தனை இருந்தும் ஸ்டீமை அசைக்க முடியவில்லை. கேம் செய்பவரை மனதில் வைத்து அந்தக் கடையைக் கட்டினார்கள். கேம் வாங்குபவரைப் பற்றி யோசிப்பதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். என் ஆய்வு முழுக்க இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான் வருகிறது.

ஸ்டீம் எப்படி வேரூன்றியது

முதலில் ஸ்டீமையும் யாரும் விரும்பவில்லை என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 2003 செப்டம்பர் 12-ல் வால்வ் நிறுவனம் அதை வெளியிட்டபோது அது கடையாகவே இல்லை. ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ மாதிரியான தன் கேம்களுக்கு அப்டேட் அனுப்ப ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 2004 நவம்பர் 16-ல் ‘ஹாஃப்-லைஃப் 2’ வந்தது. பெட்டியாகக் கடையில் வாங்கினாலும் ஸ்டீம் அக்கவுண்ட் இல்லாமல் ஓடாது என்றார்கள். மெதுவான இன்டர்நெட் இணைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அதற்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதாவது, தனக்கு மட்டும் சொந்தமான ஒரு கேமைக் காட்டி ஆட்களை உள்ளே இழுப்பது எபிக் கண்டுபிடித்த உத்தி இல்லை. வால்வ் பதினான்கு ஆண்டுக்கு முன்பே அதைச் செய்துவிட்டது.

வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. பிற நிறுவனங்களின் கேம்கள் 2005-ல் ஸ்டீமுக்குள் வந்தன. சேமித்த ஆட்டம் எந்த கம்ப்யூட்டரிலும் தொடரும் வசதி, வாங்கியவர்கள் எழுதும் ரிவ்யூ, ரசிகர்களே கேமில் செய்யும் மாற்றங்களான மாட்களைப் பகிரும் வொர்க்‌ஷாப், நண்பர் பட்டியல் என்று ஆண்டுதோறும் ஏதாவது சேர்ந்துகொண்டே வந்தது. 2015-ல் இந்தியாவில் ரூபாயிலேயே விலை காட்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் ரீஃபண்ட் வந்தது: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். இதை வால்வின் தாராள மனதுக்கு மட்டும் எழுதிவைக்கக் கூடாது. ரீஃபண்ட் விஷயத்தில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014-லேயே வழக்குப் போட்டிருந்தது. 2016 டிசம்பரில் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதித்தது. எப்படி வந்தால் என்ன, வசதி வந்தது, மக்கள் பழகிக்கொண்டார்கள்.

இப்படிப் பதினைந்து ஆண்டில் ஒருவரின் லைப்ரரியில் நூறு, இருநூறு கேம் சேர்ந்துவிடுகிறது. கல்லூரி நாளில் ஆடியது, வேலைக்குப் போன முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது, நண்பன் பிறந்தநாளுக்கு அனுப்பியது என எல்லாமே ஒரே பட்டியலில் இருக்கின்றன. வேறு கடைக்குப் போகச் சொல்வது அந்த மனிதருக்கு வீடு மாறச் சொல்வது போலக் கேட்கும். புது வீட்டில் குழாயிலாவது தண்ணீர் ஒழுங்காக வரவேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை.

இத்தனைக்கும் விலை உண்டு. விற்கும் ஒவ்வொரு கேமிலும் 30 சதவீதத்தை வால்வ் எடுத்துக்கொண்டது. தொழிலில் எல்லோரும் அதை மழை வெயில் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

நான்கு நாள் இடைவெளி

2018 நவம்பர் 30-ல் வால்வ் கமிஷனைத் திருத்தியது. ஒரு கேம் 1 கோடி டாலர் விற்பனையைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 25 சதவீதம். 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். பெரிய பப்ளிஷர்கள் சொந்த லாஞ்சர் (கேமை வாங்கவும் திறக்கவும் உதவும் செயலி) கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக நழுவிய காலம் அது. அவர்களைப் பிடித்து நிறுத்தத்தான் இந்தச் சலுகை. இரண்டு பேராக உட்கார்ந்து மூன்று ஆண்டு உழைத்து ஒரு சின்ன கேமை முடித்தவருக்கு? பழைய 30 சதவீதமே. அதிகம் சம்பாதிப்பவரிடம் குறைவாகவும், குறைவாகச் சம்பாதிப்பவரிடம் அதிகமாகவும் வாங்கும் கணக்கு எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

சரியாக நான்கு நாள் கழித்து, டிசம்பர் 4-ல், எபிக் தன் கடையை அறிவித்தது. 6-ம் தேதி திறந்தது. கமிஷன் 12 சதவீதம். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் ஒன்றே. கேம் உருவாக்க எபிக் தரும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் செய்த கேமாக இருந்தால், அந்த எஞ்சினுக்கு வழக்கமாகக் கட்டவேண்டிய 5 சதவீத ராயல்டியும் இந்தக் கடையில் நடக்கும் விற்பனைக்குக் கிடையாது. 20 டாலர் கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் விற்றால் கமிஷன் 6 டாலர், எஞ்சின் ராயல்டி 1 டாலர் போக 13 டாலர் கைக்கு வரும். எபிக்கில் அதே கேமுக்கு 17 டாலர் 60 சென்ட். ஒரு சிறிய குழுவுக்கு இந்த 4.60 டாலர் வித்தியாசம், அடுத்த கேமைத் தொடங்குவதா கதவை மூடுவதா என்று தீர்மானிக்கிற பணம்.

எபிக்குக்கு இதைச் செய்யத் தெம்பு இருந்தது. ‘ஃபோர்ட்நைட்’ கொட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதே 2018 அக்டோபரில் முதலீட்டாளர்கள் 125 கோடி டாலர் போட்டிருந்தார்கள். ‘ஃபோர்ட்நைட்’ ஆடும் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் எபிக் லாஞ்சர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு தொடக்கம் வேறு எந்தப் போட்டிக் கடைக்கும் கிடைத்ததில்லை. அந்த டிசம்பரிலேயே, ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் செயலியான டிஸ்கார்ட், தன் கடையில் 10 சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தது. மறு ஆண்டே அந்தக் கடை மூடப்பட்டது.

பிரத்யேக ஒப்பந்தங்கள்: ஒரே உத்தி, வேறு வேறு விளைவு

எபிக் ஆட்களைக் கூட்டிவர எடுத்த முதல் வழி பிரத்யேக ஒப்பந்தம். ஆறு மாதமோ ஓராண்டோ கேம் எங்களிடம் மட்டும் இருக்கட்டும், அதற்கு நாங்கள் பணம் தருகிறோம் என்பது பேச்சு. இதில் எல்லா ஒப்பந்தங்களையும் ஒரே தராசில் வைத்துத் திட்டியது ரசிகர்கள் செய்த தவறு என்று நினைக்கிறேன்.

‘ஹேடிஸ்’ எடுத்துக்கொள்வோம். கடை திறந்த நாளிலேயே எபிக்கில் ஏர்லி ஆக்ஸஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே, விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அப்படி ஒரு கேம் இருப்பதே வெளியே தெரியாது. ஸ்டீமில் வருகிறது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. ஓராண்டு எபிக்கில் இருந்துவிட்டு 2019 டிசம்பரில் ஸ்டீமுக்கும் போனது. 2020 செப்டம்பரில் முழுமையாக வெளியாகிக் கொண்டாடப்பட்டது. எங்கு முதலில் விற்றது என்பதற்காக அந்த கேமை இன்று யாரும் வெறுப்பதில்லை.

‘மெட்ரோ எக்ஸோடஸ்’ கதை வேறு. நீண்ட நாள் முன்பதிவு நடந்து, பணம் கட்டியவர்கள் காத்திருக்கும்போது கடைசி நேரத்தில் மாற்றினார்கள். கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே கேம் தரப்பட்டது. ஆனாலும் இந்த முடிவு தன் வாடிக்கையாளர்களுக்கு அநியாயம் என்று வால்வ் அந்த கேமின் பக்கத்திலேயே எழுதி வைத்தது. வால்வ் அப்படி வாய் திறந்து குறைபட்டுக்கொள்வது அபூர்வம். கோபம் பழைய ‘மெட்ரோ’ கேம்களின் ரிவ்யூ பக்கங்களில் கொட்டியது. ஏப்ரலில் ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ ஆறு மாதம் எபிக்கில் மட்டும் என்று தெரிந்ததும் ‘பார்டர்லேண்ட்ஸ் 2’-க்கு அதே கதி நேர்ந்தது. அந்த ரிவ்யூக்கள் கேமுக்குச் சம்பந்தமில்லாதவை என்று வால்வ் ஒதுக்கி வைத்தது.

இதில் நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்காவில் ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ விலை எபிக்கில் 10 டாலர் குறைந்தது. 60 டாலர் கேம் 50-க்கு வந்தது. குறைந்த கமிஷனின் பலன் வாங்குபவர் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று. அந்தத் தொடரின் முந்தைய கேம் ஸ்டீமில் வெளியான காலத்தில் விற்றதைவிட இரண்டரை மடங்கு விற்றது என்று எபிக்கும் பெருமையாகச் சொன்னது. ஆனால் பத்து டாலர் மிச்சத்தை யாரும் பேசவில்லை. கடைசி மூன்று வாரத்தில் கடை மாறியதைத்தான் பேசினார்கள். அதுதான் மனித இயல்பும்.

இவை எல்லாவற்றையும்விட மோசம், பொதுமக்களிடம் நிதி திரட்டிச் செய்த கேம்களில் நடந்தது. ‘ஃபீனிக்ஸ் பாயின்ட்’ 2019 மார்ச்சில் எபிக்கோடு ஒப்பந்தம் போட்டது. ‘ஷென்மூ 3’ அதே ஆண்டு ஜூனில் போட்டது. கேம் வருமா வராதா என்றே தெரியாத நாளில், 2015-ல், ஷென்மூவை நம்பிப் பணம் போட்டவர்கள் அவர்கள். ஸ்டீமில் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு போட்டவர்கள். நாலு ஆண்டு கழித்து, உங்களுக்கு வேறு கடையில்தான் தருவோம் என்றால் மனசு கொதிக்காதா? எபிக் பிறகு இறங்கி வந்தது. ஷென்மூவுக்கு ரீஃபண்ட் கேட்டவர்களின் செலவைத் தானே ஏற்றுக்கொண்டது. இனி இப்படி நிதி திரட்டிய கேம்களை எடுத்தால் மற்றக் கடைகளில் கேமைத் திறக்கும் கீ கிடைக்க முன்பே ஏற்பாடு செய்வோம், இல்லையேல் அறிவிக்கும்போதே பணம் திருப்பித் தருவோம் என்றும் சொன்னது. நல்ல திருத்தம்தான். ஆனால் முதல் ஆறு மாதத்தில் விழுந்த கறை அது.

எதிர்ப் பக்கமும் சுத்தமாக இல்லை. ‘ஊப்லெட்ஸ்’ செய்தது இரண்டே பேர் கொண்ட குழு. 2019 ஆகஸ்டில், எபிக் ஒப்பந்தத்தைக் கொஞ்சம் வேடிக்கையான நடையில் அறிவித்தார்கள். அதற்கு வந்தவை ஆயிரக்கணக்கான வசவுகள், மிரட்டல்கள். ஒரு கேம் எந்த லாஞ்சரில் திறக்கிறது என்பதற்காக இரண்டு மனிதர்களைத் தூங்கவிடாமல் செய்தார்கள். கேம் ஆடுகிற சமூகம் வெட்கப்படவேண்டிய அத்தியாயம் அது.

அவர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்பதை அவர்களே விளக்கினார்கள். எபிக் கொடுத்தது குறைந்தபட்ச விற்பனை உத்தரவாதம். கேம் எவ்வளவு விற்றாலும் விற்காவிட்டாலும் இன்ன தொகை நிச்சயம். அந்தத் தொகை விற்று வசூலாகும் வரை எபிக் தன் பணத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் விற்றால் 88 சதவீதம் டெவலப்பருக்கு. எல்லாக் கடைகளிலும் விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்களோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு உத்தரவாதம் கிடைத்தது. மழை பெய்யுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயியிடம் அறுவடைக்கு முன்பே விலை பேசி முன்பணம் கொடுப்பது போன்றது இது. யார் வேண்டாம் என்பார்? ‘கன்ட்ரோல்’ கேமுக்காக எபிக்கிடமிருந்து வந்த 94.9 லட்சம் யூரோ, அதன் பப்ளிஷரின் தாய் நிறுவனமான இத்தாலியின் டிஜிட்டல் ப்ரோஸ் கணக்கில் வெளிப்படையாகவே பதிவாகியிருக்கிறது. இந்தப் பணத்தால் முடிக்கப்பட்ட, மெருகேறிய கேம்கள் உண்டு. அதை மறுப்பது நேர்மையில்லை.

கார்ட் இல்லாத கடை

இப்போது வாங்குபவர் பக்கம் வருவோம். 2018 டிசம்பரில் எபிக் கடையைத் திறந்தவருக்கு என்ன கிடைத்தது? ரிவ்யூ இல்லை. விஷ்லிஸ்ட் இல்லை. சேமித்த ஆட்டத்தை கிளவுடில் வைக்கும் வசதி இல்லை. இரண்டு கேம் வாங்கவேண்டுமென்றால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பணம் கட்ட ஒரு கார்ட்கூட இல்லை. ஒன்றை வாங்கி, பணம் கட்டி, திரும்ப வந்து, அடுத்ததை வாங்கி, மறுபடி பணம் கட்டவேண்டும். மளிகைக் கடையில் உப்புக்கு ஒரு பில், புளிக்கு ஒரு பில் போடச் சொல்வது மாதிரி.

2019 மே மாதத்து மெகா சேலில் இந்தக் குறை முழுதாக அம்பலமானது. 14.99 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள ஒவ்வொரு கேமுக்கும் எபிக் தன் பணத்திலிருந்து 10 டாலர் கழித்தது. ஆசையோடு ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியவர்களில் சிலரின் அக்கவுண்ட் ஐந்தாவது கேம் சமயத்தில் தானாக முடங்கியது. அடுத்தடுத்து இத்தனை முறை பணம் கட்டுவதைப் பார்த்த மோசடித் தடுப்பு ஏற்பாடு, கார்டு திருடன் என்று முடிவுகட்டிவிட்டது. கார்ட் இருந்திருந்தால் அது ஒரே பரிவர்த்தனை.

அதே சேலில் இன்னொன்றும் நடந்தது; என் பார்வையில் அது இன்னும் முக்கியம். விலை குறைந்ததைப் பார்த்த சில பப்ளிஷர்கள் தங்கள் கேமை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அப்போது வெளிவந்திராத ‘வாம்பயர்: தி மாஸ்க்கரேட் – பிளட்லைன்ஸ் 2’ அப்படி எடுக்கப்பட்ட ஒன்று. கழித்த 10 டாலர் எபிக்கின் பணம், பப்ளிஷருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆனாலும் தன் கேம் மலிவாகத் தெரிவதை அவர்கள் விரும்பவில்லை. விலை விஷயத்தில் டெவலப்பரும் வாங்குபவரும் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை என்பதை எபிக் அன்றே பார்த்திருக்க வேண்டும்.

கிளவுட் சேவ் 2019-லும் விஷ்லிஸ்ட் 2020-லும் வந்தன. கார்ட் 2021 டிசம்பரில்தான் வந்தது. கடை திறந்து மூன்று ஆண்டு! உலகத்திலேயே பேர்பெற்ற கேம் எஞ்சின்களில் ஒன்றை எழுதியவர்களுக்கு ஒரு கார்ட் எழுதத் தெரியாதா என்ன? அது அவசரமாகப் படவில்லை, அவ்வளவுதான். இதற்கிடையில் 2019 மார்ச்சில் ஒரு சந்தேகம் வேறு கிளம்பியது. எபிக் லாஞ்சர், கேட்காமலேயே, கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டீமின் ஒரு ஃபைலை நகல் எடுத்து வைப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். நண்பர் பட்டியலைக் கொண்டுவர விரும்பினால் மட்டுமே அது அனுப்பப்படும் என்று எபிக் விளக்கியது. முறை சரியில்லை என்பதை நிறுவனர் டிம் ஸ்வீனியே ஒப்புக்கொண்டார். எபிக்கில் சுமார் 40 சதவீதப் பங்கு அன்று சீனாவின் டென்சென்ட் நிறுவனத்திடம் இருந்ததால் வதந்திக்குக் கேட்கவா வேண்டும். அதில் பெரும்பகுதி ஆதாரமில்லாத பேச்சு. ஆனால் புதுக் கடைக்கு நம்பிக்கைதான் முதல் சரக்கு.

வியாழக்கிழமை இரவு எட்டரை மணி

இரண்டாவது வழி இலவசம். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 2019 நடுவிலிருந்து வாரந்தோறும். அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 11 மணிக்கு மாறும். நமக்கு அது வியாழன் இரவு எட்டரை. அங்கே குளிர்காலம் என்றால் ஒன்பதரை. நானும் அந்த நேரத்தில் லாஞ்சரைத் திறந்து, ‘பெறு’ என்ற பொத்தானை அழுத்தி, பூஜ்யம் என்று காட்டும் பில்லுக்கு ஒப்புதல் கொடுத்து, மூடிவிட்டுப் போயிருக்கிறேன். எத்தனையோ வாரம். அப்படிச் சேர்ந்தவற்றில் நான் இன்ஸ்டால் செய்து ஆடியவை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் மட்டுமில்லை என்று பின்னால் வந்த எண்களைப் பார்த்ததும் புரிந்தது.

அந்த எண்கள் வெளியே வந்தது ஆப்பிள் வழக்கால். ‘ஃபோர்ட்நைட்’டை ஆப்பிள் தன் ஸ்டோரிலிருந்து நீக்கியதும் 2020 ஆகஸ்டில் எபிக் வழக்குப் போட்டது. 2021 மே மாதம் ஓக்லண்டில் விசாரணை நடந்தபோது எபிக்கின் உள் ஆவணங்கள் பல சாட்சியமாக வந்தன. முதல் இலவச கேமான ‘சப்நாட்டிகா’வுக்கு 14 லட்சம் டாலர், ‘பேட்மேன்: ஆர்க்கம்’ கேம்களுக்கு 15 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஒன்பது மாதத்தில் இலவச கேம்களுக்கு மொத்தம் சுமார் 1.16 கோடி டாலர் செலவு. அதனால் வந்த புதிய அக்கவுண்ட் கிட்டத்தட்ட 50 லட்சம். ஆளுக்கு இரண்டே கால் டாலருக்குச் சற்று மேல். விளம்பரச் செலவாகப் பார்த்தால் அடிமாட்டு விலை. 2020 மே மாதம் ‘ஜிடிஏ 5’ இலவசம் என்றதும் கூட்டம் தாங்காமல் சைட்டே படுத்துவிட்டது. அந்த ஒரு ஆண்டில் மட்டும் 103 கேம் கொடுத்தார்கள், மக்கள் 74.9 கோடி முறை ‘பெறு’வை அழுத்தினார்கள்.

கடையின் நஷ்டமும் அதே வழக்கில் தெரிந்தது. 2019-ல் சுமார் 18.1 கோடி டாலர். 2020-க்கு எதிர்பார்த்த நஷ்டம் சுமார் 27.3 கோடி. அந்த ஆண்டு ஒன்றுக்கே குறைந்தபட்ச உத்தரவாதமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது 44.4 கோடி டாலர். 2023 நவம்பரில் கூகுளுக்கு எதிரான வழக்கில் கடையின் பொறுப்பாளர் சாட்சி சொன்னபோதும், கடை இன்னும் லாபத்துக்கு வரவில்லை என்றுதான் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எபிக் தன் ஊழியர்களில் 16 சதவீதத்தினரை, ஏறக்குறைய 830 பேரை, வேலையிலிருந்து நீக்கியிருந்தது.

ஒரே ஒரு வரிசை

எபிக் ஆண்டுதோறும் தானே வெளியிடும் கணக்கில் ஒரு வரிசையை மட்டும் எடுத்து வைக்கிறேன். எபிக் தன் கேம்களில் சம்பாதிப்பதை விட்டுவிடுவோம். அது ‘ஃபோர்ட்நைட்’ பணம். மற்ற நிறுவனங்களின் கேம்களுக்கு இந்தக் கடையில் மக்கள் செலவழித்தது எவ்வளவு? 2019-ல் 25.1 கோடி டாலர். 2020-ல் 26.5. அடுத்த ஆண்டு 30. 2022-ல் 35.5 வரை ஏறியது. பிறகு 31. 2024-ல் 25.5 கோடி. ஏறிய மலையிலிருந்து அப்படியே இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது.

இதே ஆறு ஆண்டில் எபிக் கடையின் கம்ப்யூட்டர் பயனர் எண்ணிக்கை 10.8 கோடியிலிருந்து 29.5 கோடியானது. கூட்டம் ஏறத்தாழ மூன்று மடங்கு, கல்லாவில் விழுந்த பணம் அதேதான். வகுத்துப் பாருங்கள்: 2019-ல் பயனர் ஒருவர் பிறர் கேமுக்குச் சராசரியாக 2.32 டாலர் செலவழித்தார். 2024-ல் 86 சென்ட். அதில் எபிக்கின் 12 சதவீதம் பத்து சென்ட் சொச்சம். பணப் பரிவர்த்தனைச் செலவு, சர்வர் செலவு எல்லாம் இந்தப் பத்து சென்ட்டுக்குள். இலவசத்துக்கு வந்து சேர்ந்தவர் ‘ஃபோர்ட்நைட்’டில் செலவழித்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் டெவலப்பர்களுக்கு ஒரு மாற்றுச் சந்தை கட்டுகிறோம் என்று சொன்ன கடைக்கு இந்த வரிசைதான் மதிப்பெண் பட்டியல்.

மக்கள் எபிக்கை வெறுத்ததால் இப்படி ஆகவில்லை என்று நினைக்கிறேன். வாரந்தோறும் இலவசமாகக் கிடைக்கும் இடம் என்று மனதில் பதிந்துவிட்டது. அன்னதான வரிசையில் நிற்பவர் அங்கேயே பக்கத்துக் கடையில் சாப்பாடு வாங்குவார் என்று எதிர்பார்ப்பது எப்படி? பணம் கொடுத்து வாங்கவேண்டும் என்று தோன்றும்போது கை தானாக ஸ்டீமுக்குப் போகிறது. ரிவ்யூ படிக்க அங்கேதான் போகவேண்டியிருக்கிறது, போனவர் அங்கேயே வாங்கிவிடுகிறார்.

தனிக் கடை போட்ட மற்றவர்கள் திரும்பி வந்த பாதையும் இதையே காட்டுகிறது. 2011-ல் ஆரிஜின் என்ற சொந்தக் கடையைத் தொடங்கி ஸ்டீமை விட்டு விலகிய இஏ நிறுவனம், 2019-ல் திரும்பியது. பெதஸ்டா 2022 மே மாதம் தன் லாஞ்சரையே மூடி, வாங்கியவர்களின் கேம்களை ஸ்டீமுக்கு மாற்றிக்கொடுத்தது. ‘கால் ஆஃப் டியூட்டி’ 2022 அக்டோபரில் வந்தது. எபிக்கோடு கைகோத்திருந்த யுபிசாஃப்ட் அதே ஆண்டு டிசம்பரில் ‘அசாசின்ஸ் கிரீட் வால்ஹல்லா’வைக் கொண்டுவந்தது. வந்தவர்களில் சிலர் தங்கள் லாஞ்சரையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதனால் ஸ்டீமில் வாங்கிய யுபிசாஃப்ட் கேமை அழுத்தினால் முதலில் யுபிசாஃப்ட் கனெக்ட் திறக்கும், அது தன்னை அப்டேட் செய்துகொள்ளும், சில நேரம் பாஸ்வேர்ட் கேட்கும், அதன் பிறகே கேம். எபிக்கில் வாங்கினாலும் இதே கதைதான். வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரம் ஆடலாம் என்று உட்காருபவருக்கு இந்த ஐந்து நிமிடம் பெரிய விஷயம். 2025 மார்ச்சில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியது.

பன்னிரண்டு சதவீதம் யாரைச் சேர்ந்தது

எபிக் தோற்றது என்று இத்தோடு முடித்தால் அது அரைகுறை ஆய்வு. அந்தக் கமிஷன் வாதம் காற்றில் கரைந்துவிடவில்லை. மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்டில் தன் ஸ்டோரில் கம்ப்யூட்டர் கேம்களுக்கான பங்கை 12 சதவீதமாகக் குறைத்தது. 30 சதவீதம் இயற்கை நியதி இல்லை, யாரோ வைத்த எண் என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். ஸ்டீம் நிபந்தனையில்லாமல் நிரந்தரமாக 88 சதவீதம் கொடுத்தால் பிரத்யேக ஒப்பந்தங்களிலிருந்து நாங்கள் பின்வாங்குவோம் என்று 2019 ஏப்ரலில் ஸ்வீனி பகிரங்கமாகச் சொன்னார். வால்வ் அசையவில்லை. அசையவேண்டிய அவசியமும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்ற கேள்வி நேராக விலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. கமிஷன் 18 புள்ளி குறைவான கடையில் கேம் கொஞ்சமாவது மலிவாக இருந்தால் வாங்குபவர் தேடி வருவார். சாதாரண நாளில் அப்படி இருப்பதில்லை. 2021 ஏப்ரலில் வுல்ஃபயர் என்ற சிறிய நிறுவனம் வால்வ் மீது சியாட்டில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேறு கடையில் குறைந்த விலைக்கு விற்கவிடாமல் வால்வ் அழுத்தம் தருகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. வால்வ் மறுக்கிறது. 2024 நவம்பரில் மற்ற டெவலப்பர்களையும் சேர்த்து இது கூட்டு வழக்காக நடக்க நீதிமன்றம் அனுமதித்தது. குற்றச்சாட்டு உண்மையோ இல்லையோ, டெவலப்பர் தானாகவே ஏன் விலையைக் குறைப்பதில்லை என்பதற்கு மெகா சேலில் விலகிய பப்ளிஷர்களே ஒரு பதில். கிடைக்கும் கூடுதல் பணம் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போகும். போகட்டும், அது அவர்கள் உழைப்பு. ஆனால் அந்தப் பணம் வாங்குபவரின் பில்லில் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக அவர் வீடு மாறமாட்டார்.

எபிக் இன்னும் அதே பாதையில்தான் நடக்கிறது. 2025 ஜூன் முதல், ஒவ்வொரு கேமும் ஆண்டுக்கு ஈட்டும் முதல் 10 லட்சம் டாலருக்குக் கமிஷனே கிடையாது. நான் மேலே சொன்ன அந்த இரண்டு பேர் குழுவுக்கு, 20 டாலர் கேமில் 20 டாலரும் கிடைக்கும். ஒரு கடை சின்ன டெவலப்பருக்குக் கொடுக்கக்கூடியதில் இதற்குமேல் என்ன இருக்கிறது? அந்தக் குழு சந்தோஷமாக எபிக்கில் கேமைப் போடும். அதே நாளில் ஸ்டீமிலும் போடும், ஏனென்றால் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். இரண்டு கடையின் பக்கத்தையும் அருகருகே திறந்து வைத்து எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்று யோசிப்பவருக்கு, இரண்டிலும் 19.99 என்றுதான் தெரியும்.